நீக்கப்பட்ட ஒன்பது வரிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வைத்தது ஆத்திரம். அதிலும் பாதி என்மேல்தான்.

நான் பிழை திருத்துகிறவன். அச்சகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பக்கக் கணக்கில் வேலை பார்க்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் சுகாதார நிர்வாகத் துறை ஆண்டுதோறும் ஒரு மலர் வெளியிடும். பேராசிரியர்கள், முன்னாள் மாணவர்கள் எல்லோருடைய சாதனைகளும் அதில் இருக்கும். வழவழப்பான தாள், அறுபத்து நான்கு பக்கம். யார் எந்த மாநாட்டில் பேசினார், யாருக்கு என்ன பதக்கம், எந்த மாணவர் எந்த மருத்துவமனைக்குத் தலைமை நிர்வாகி ஆனார் என்று பக்கத்துக்குப் பக்கம் பாராட்டு. ஆறு வருடமாக அதற்கு நான்தான் ஒற்றுப்பிழை பார்க்கிறேன். 'சாதனைகளைப் புரிந்தார்' என்பதில் 'ப்' விட்டுப்போயிருக்கும். அதைப் போடுவேன். சாதனை நிஜமா என்று பார்ப்பது என் வேலை இல்லை.

இந்த வருடம் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது துறைத்தலைவர் போன் செய்தார்.

"முப்பத்தொண்ணாம் பக்கத்துல கடைசிப் பத்தி வேண்டாம் சார். எடுத்துடுங்க."

"முழுசாவா?"

"முழுசா. காலியாத் தெரியாம, பக்கத்துல இருக்கிற போட்டோவக் கொஞ்சம் பெரிசு பண்ணச் சொல்லிடுங்க."

ஒன்பது வரிகள். எடுத்தேன். போட்டோ பெரிதானது. ஆனால் எடுப்பதற்கு முன் படித்துத் தொலைத்தேன்.

அந்த ஒன்பது வரிகளைச் சுற்றிக் கட்டியதுதான் இந்தக் கதை. கொஞ்சம், துறையின் தட்டச்சர் எனக்குச் சொன்னது. கொஞ்சம், நானே போய் விசாரித்தது. மீதி கற்பனை. கற்பனை செய்த இடங்களில்தான் எனக்குக் கோபம் குறைவாக வந்தது.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதிக் கைவிட்டவை இவை:

'விருது விழா மேடையில் விளக்குகள் பளீரென்று எரிந்தன. பெயர் அழைக்கப்பட்டதும் அவன் மடிப்புக் கலையாத சட்டையோடு…'

[வேண்டாம். மேடையில் தொடங்கினால் அந்தப் பதக்கத்துக்கு நானும் ஒரு தடவை கை தட்டியதாக ஆகிவிடும்.]

'காலை ஏழு இருபதுக்கு அந்த அம்மாள் இரும்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது நெஞ்சு லேசாக எரிந்தது. இன்னும் மூன்று மணி நேரம்…'

[இதுவும் வேண்டாம். செத்தவரைக் காட்டி உங்கள் சட்டையைப் பிடிக்க எனக்கு என்ன உரிமை? அவர் வருவார். அவருடைய தம்பியின் வாயால் வரட்டும்.]

எனவே பேராசிரியையிடமிருந்து தொடங்குகிறேன். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'சிவப்பு மை'. வயது ஐம்பத்தைந்து. மருத்துவமனைகளில் நேரம் எங்கே வீணாகிறது, அதை எப்படி அளப்பது என்பது அவருடைய பாடம். விடைத்தாள் என்றில்லை, விடுப்பு விண்ணப்பத்தையும் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஒரு மாணவன் தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது, வாழ்த்துச் சொல்வதற்கு முன் ஒரு சந்திப்பிழையை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. (விசாரித்தேன். உண்மைதான். இரண்டு பிழை.)

முதல் படியில் இவரை 'அவள்' என்றுதான் எழுதினேன். கதாசிரியனுக்குத் தன் பாத்திரம் சொந்தச் சொத்து என்று ஒரு நினைப்பு. இரண்டாம் படியில் 'அவர்' என்று மாற்றினேன். இவருடைய வரிகளை வெட்டிய கைக்கு 'அவள்' போட அருகதை இல்லை.

3

மலர் தயாராகிக்கொண்டிருந்த ஒரு நாள், மதியம் மூன்று மணிக்கு மேல் இருக்கும். பேராசிரியை தன் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தட்டச்சர் மலருக்கான தாள்களோடு வந்து மேசைக்கு எதிரே நின்றார். இருபத்திரண்டு வருடமாக அந்தத் துறையில் இருக்கிறார். வந்தால் தாளை வைத்துவிட்டுப் போகிற ஆள். அன்றைக்குப் போகவில்லை.

"என்ன?" என்றார் பேராசிரியை, நிமிராமலே.

"முப்பத்தொண்ணாம் பக்கம் மேடம். உங்க மாணவர் ஒருத்தர், விருது வாங்கியிருக்காரே, அவரப் பத்தினது. உங்களப் பத்தியும் ஒரு வரி வருது. ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா…"

பார்த்தார். 'அவசர சிகிச்சைப் பிரிவில் சராசரிக் காத்திருப்பு நேரத்தைப் பதினொரு நிமிடமாகக் குறைத்து இவ்வாண்டின் உயர்ந்த விருதைப் பெற்ற நம் முன்னாள் மாணவர்' என்று தொடங்கியது. கீழே, 'இச்சிந்தனைக்கு வித்திட்டவர் என விருதாளர் தம் ஏற்புரையில் நம் பேராசிரியையை நன்றியுடன் குறிப்பிட்டார்'.

அந்த மாணவனை அவருக்கு நினைவிருந்தது. வகுப்பில் அவனை 'மாப்பிள்ளை' என்பார்கள். மூன்று வருடமும் முழுக்கைச் சட்டை, தேய்த்த மடிப்போடு. பெண் பார்க்கப் போகிறவன் மாதிரியே பரீட்சை எழுத வருவான். இப்போது நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கு நிர்வாக இயக்குநர். பேராசிரியைக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இல்லை என்று எழுதினால் பொய்.

"சரியாத்தானே இருக்கு. 'வித்திட்டவர்'னு எல்லாம் வேண்டாம், அத மட்டும் எடுத்துடுங்க."

தட்டச்சர் அசையவில்லை.

"பதினோரு நிமிஷம் சரிதானா மேடம்?"

"அவங்க பதிவேட்டுல இருந்து எடுத்த கணக்கு. விருதுக் குழுவும் சரிபார்த்திருப்பாங்க. ஏன்?"

"எங்க அக்காவ அங்கதான் கூட்டிட்டுப் போனேன். ஏழு மாசம் முன்னாடி."

பேராசிரியை பேனாவை மூடினார். தட்டச்சருடைய அக்கா இறந்தது தெரியும். துறையில் எல்லோரும் போய் நின்றுவிட்டு வந்தார்கள். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர், திடீரென்று மாரடைப்பு என்றுதான் கேள்வி.

"ஏழு இருபதுக்கு உள்ள நுழைஞ்சோம். வாசல்ல ஒரு மேசை. ஒரு பொண்ணு என்ன செய்யுதுனு கேட்டுச்சு. அக்கா நெஞ்சு எரியுதுன்னா. மஞ்சச் சீட்டு ஒண்ணு குடுத்து வெளி வரிசையில உக்காரச் சொன்னாங்க. பத்தரைக்குக் கூப்பிட்டாங்க. உள்ள போனதும் கம்ப்யூட்டர்ல டோக்கன் அடிச்சாங்க. பத்து நாப்பத்தொண்ணுக்கு டாக்டர் வந்தார். பத்து அம்பதுக்கு முடிஞ்சிருச்சு."

அவர் குரல் உயரவில்லை. வரவு செலவு வாசிக்கிறவர் மாதிரி நேரங்களை வரிசையாகச் சொன்னார்.

"அப்புறம் ரெக்கார்டு வாங்கினேன் மேடம், இன்சூரன்சுக்கு. அதுல காத்திருந்த நேரம்னு ஒரு கட்டம் இருக்கு. பதினோரு நிமிஷம்னு போட்டிருந்தாங்க. நான் ஏதோ தப்பா அடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். இப்ப இத டைப் பண்றப்பதான்…"

அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. வாக்கியம் அப்படியே இருக்கட்டும்.

"அந்த மஞ்சச் சீட்டு இருக்கா?"

"உள்ள போறப்ப வாங்கிக்கிட்டாங்க. அதுல நம்பர் மட்டும்தான் மேடம். நேரம் கிடையாது."

4

வேறொருவராக இருந்தால் அன்றைக்கே போனை எடுத்துக் கத்தியிருப்பார். சிவப்பு மை அப்படிப்பட்டவர் இல்லை. முப்பது வருடமாக மாணவர்களுக்குச் சொன்னதைத் தானே செய்தார். அளந்து பார்க்காமல் பேசாதே.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னார். கணவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? இன்னும் மூணு வருஷ சர்வீஸ். கண்ண மூடிட்டு ஓட்டிட்டு வந்துரு" என்றார்.

"கண்ண மூடிட்டு எப்படிங்க வண்டி ஓட்டுறது?"

"பழமொழிக்கெல்லாம் பதில் சொல்லாத."

மூன்று நாள் விடுப்புப் போட்டார். மூன்று நாளும் காலை ஏழு முதல் பகல் ஒன்றுவரை அந்த மருத்துவமனையின் வெளி வரிசையில் கோடு போட்ட நோட்டோடு உட்கார்ந்தார்.

தகரக் கூரை போட்ட ஒரு நீளத் தாழ்வாரம். நான்கு நான்காகத் தரையோடு முடுக்கிய இரும்பு நாற்காலிகள். ஒவ்வொரு நான்கிலும் ஒன்று உடைந்தது. கோடியில் கண்ணாடிக் கதவு. கதவுக்கு மேலே மின்பலகையில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும்: இன்றைய சராசரிக் காத்திருப்பு நேரம் 11 நிமிடம். கதவுக்கு அந்தப் பக்கம் போனால்தான் கணினிச் சீட்டு. அந்தச் சீட்டு அச்சாகும் நிமிடத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதுவரை இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மருத்துவமனைக் கணக்கில் நோயாளிகள் இல்லை. சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள்.

இரண்டாம் நாள் பக்கத்தில் ஒரு தச்சர் வந்து உட்கார்ந்தார். கட்டைவிரலில் துண்டைச் சுற்றியிருந்தார். துண்டு நனைந்து நிறம் மாறியிருந்தது.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்றார் பேராசிரியை.

"எட்டுக்கு வெட்டுச்சு. எட்டே காலுக்கு இங்க." மணி அப்போது பத்து. அவர் மின்பலகையை அண்ணாந்து பார்த்தார். "எல்லாருக்கும் பதினோரு நிமிஷம்தான் ஆகுது போல. நமக்குத்தான் நேரம் சரியில்ல."

[இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். நம் மொழி கெட்ட விதியையும் 'நேரம்' என்கிறது, கடிகாரத்தையும் 'நேரம்' என்கிறது. மாப்பிள்ளையின் பலகை அந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது. ஒரு ஆள் மணிக்கணக்காகக் காத்திருந்துவிட்டு, தப்பு தன் தலையெழுத்தில் என்று நம்பிப் போகிறார்.]

மூன்று காலைகள், அறுபத்து நான்கு பேர். வந்த நேரம், கதவுக்குள் போன நேரம், மருத்துவர் பார்த்த நேரம் எல்லாம் நோட்டில் இருந்தது. மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்கு அங்கேயே கூட்டி வகுத்தார். சராசரி இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம்.

அந்த மூன்றாம் நாள்தான் காவலாளி வந்து, "யாரம்மா நீங்க? தினம் வர்றீங்க, உள்ள போகமாட்டேங்கிறீங்க" என்று கேட்டார். பேராசிரியை தன் பெயரையும் வேலையையும் சொன்னார். ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளையே படியிறங்கி ஓடி வந்துவிட்டான்.

"மேடம், நீங்களா? ஒரு போன் பண்ணியிருந்தா வாசல்லயே வந்து நின்னிருப்பேனே. உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எண்ணிட்டிருக்கேன்."

"எத?"

"ஆளுங்கள."

5

அவனுடைய அறை மூன்றாம் மாடியில். பேராசிரியை படிக்கட்டில் ஏறும்போதே கேட்கவேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனார், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க. கதவைத் திறந்ததும் அடுக்கியது அத்தனையும் சரிந்துவிட்டது.

மேசைக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு விடைத்தாள்.

[இது வசதியாக இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு படியில் அதை இழுப்பறைக்குள் வைத்துப் பார்த்தேன். இன்னொரு படியில் அவன் மனப்பாடமாக ஒப்பித்தான். இரண்டும் எடுபடவில்லை. சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் மாட்டத்தான் செய்வார்கள்.]

பதினான்கு வருடத்துக்கு முந்தைய உள்தேர்வு. கேள்வி அவரே தயாரித்தது: புதிய மருத்துவர்களை நியமிக்காமலும் கூடுதல் இடம் கட்டாமலும் காத்திருப்பு நேரத்தைக் குறைக்கும் வழிகளைக் கூறுக. பத்து மதிப்பெண். கீழே மாப்பிள்ளையின் மணிமணியான கையெழுத்தில் விடை. அதன் நடுவில் அடிக்கோடிட்ட ஒரு வாக்கியம்: 'வந்தவர் எந்த நிமிடத்தில் நோயாளி ஆகிறார் என்பதை நிர்வாகமே வரையறுக்கலாம்.'

ஓரத்தில் சிவப்பு மையில் 'அபாரம்'. பத்துக்குப் பத்து.

"தினம் காலைல இதப் பாத்துட்டுத்தான் மேடம் வேலைய ஆரம்பிப்பேன்" என்றான் மாப்பிள்ளை. கிண்டலே இல்லை.

இங்கே எனக்கு ஒரு சிக்கல் வந்தது. அந்த 'அபாரம்' எப்படி எழுதப்பட்டது? முதலில், அவர் அதைக் கேலியாக எழுதினார் என்று வைத்தேன். பிறகு அதைப் பொறிக் கேள்வியாக்கினேன்: யார் பித்தலாட்டம் செய்கிறார்கள் என்று பிடித்து, மறுநாள் வகுப்பில் விவாதிப்பதாக இருந்தது, தரச்சான்றுக் குழு வந்ததால் வகுப்பு ரத்தாகிவிட்டது. இந்த இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவரைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அதை எழுதி முடித்ததும் பக்கம் செத்துக் கிடந்தது. அவரிடமே கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். அவர் சொல்வார்: "எனக்குப் பிடிச்சுது. சுத்தமான விடை. ஒரு செலவும் இல்ல. அதான் போட்டேன்."

அதுதான் நடந்தது. வேறொன்றும் இல்லை. சொல்லிக் கொடுத்த பேச்சும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு என்பார்கள். பதினான்கு வருடத்துக்கு.

அவர் உட்கார்ந்தார். நோட்டை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு மணி நாப்பத்தேழு."

அவன் நோட்டைப் புரட்டினான். மறுக்கவில்லை. மறுப்பான் என்று காத்திருந்தவருக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரியாத்தான் இருக்கும் மேடம். நீங்க எடுத்த கணக்காச்சே."

"அப்ப வெளியில போர்டுல ஓடுறது என்ன?"

"அது எங்க வரையறைப்படி."

"எங்க டைப்பிஸ்ட்டோட அக்கா உங்க வரையறைக்கு வெளியில மூணு மணி பத்து நிமிஷம் உக்காந்திருந்தாங்க. உள்ள வந்து இருபது நிமிஷத்துல செத்துட்டாங்க. நெஞ்சு எரியுதுன்னவங்களுக்கு மஞ்சச் சீட்டு குடுத்தது யாரு? டாக்டரா, நர்சா?"

"வரவேற்புல இருக்கிறவங்க மேடம். அவங்களுக்கு மருத்துவம் தெரியாது."

"ஏன் நர்ஸப் போடல?"

"நர்ஸ் பாத்தா நோயாளின்னு ஆயிடும். கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும்."

சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டான். பிறகு அவனே தொடங்கினான், மெதுவாக.

"அஞ்சு வருஷம் முன்னாடி நீங்க வழிகாட்டின ஆய்வு ஒண்ணு இருக்கு மேடம். இதே ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் காத்திருப்புன்னு வந்துது. இப்ப ரெண்டே முக்கால்னு நீங்களே சொல்றீங்க. எப்படிக் குறைஞ்சுது? பதினொண்ணுனு காமிச்சேன். அரசாங்கத்துல விருது குடுத்தாங்க. விருதோட ரெண்டு டாக்டர் குடுத்தாங்க. நாலு மாசமா அவங்கதான் பாக்கறாங்க. நாலு மணி நேரம்னு உண்மைய எழுதி அனுப்பின ஆஸ்பத்திரிங்களுக்கு என்ன குடுத்தாங்க தெரியுமா? விளக்கம் கேட்டு நோட்டீஸ்."

[இவனை அயோக்கியனாக எழுத உட்கார்ந்தேன். சட்டை மடிப்பை அதற்காகத்தான் வைத்தேன். பேச ஆரம்பித்ததும் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான். நியாயம் பேசுகிறவன்மேல் கோபப்படுவது எவ்வளவு சிரமம். ஆனால் கோபம் குறையவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இடம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.]

"அந்த ரெண்டு டாக்டர் வர்றதுக்கு முன்னாடி செத்தவங்க?" என்றார் பேராசிரியை.

"கணக்கு இல்ல மேடம்."

"எனக்குத் தெரியும். நான்தான் பத்துக்குப் பத்து போட்டேன்."

6

மறுநாள் துறைக்கு வந்து, அதே முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் ஆசிரியர் சாதனைகள் என்ற தலைப்பில் தன் பெயருக்குக் கீழே சேர்க்கவேண்டியதைத் தானே எழுதித் தட்டச்சரிடம் கொடுத்தார். தட்டச்சர் ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தார். அந்த ஒன்பது வரிகள் இவை. வெட்டுவதற்கு முன் நான் படி எடுத்து வைத்தேன். அந்த மட்டுக்கும் எனக்குப் புத்தி இருந்தது.

'பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் வழங்கி, ஓரத்தில் அபாரம் என்று எழுதினார். அந்த விடை இன்று ஒரு மருத்துவமனையில் நடைமுறையில் உள்ளது. அதன் பதிவேட்டின்படி சராசரிக் காத்திருப்பு பதினொரு நிமிடம். இவர் வெளி வரிசையில் மூன்று நாள் அமர்ந்து அளந்தது இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம். மீதி இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம் அம்மக்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியை இவர் எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. இத்துறையின் தட்டச்சருடைய தமக்கை அவ்வரிசையில் மூன்று மணி பத்து நிமிடம் இருந்தார். அன்றே இறந்தார். இதுவும் இத்துறையின் சாதனை.'

துறைத்தலைவர் அழைத்தார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், அதனாலேயே யாருக்கும் நல்லதும் செய்ய முடியாதவர்.

"மேடம், இது சாதனை மலர். வாக்குமூலம் குடுக்கிற இடமா இது?"

"நான் செஞ்சதத்தானே எழுதியிருக்கேன்."

"அடுத்த மாசம் தரச்சான்றுக் குழு வருது. முதல்ல கையில குடுக்கறதே இந்த மலரத்தான். அந்த விருது ஒண்ணுதான் நம்ம துறைக்கு இந்த வருஷம் சொல்லிக்கறதுக்கு இருக்கு. அதுலயும் மண்ணப் போட்டா அறுபது சீட்டு நாப்பதாயிடும். உங்க மனசாட்சிக்காக இருபது பசங்க படிப்ப விடணுமா?"

"அப்ப என் பேரையும் எடுத்துடுங்க. முழுசா."

"பாக்கறேன் மேடம்."

பார்த்தார். ஒன்பது வரிகளை எடுக்கச் சொன்னார், பெயரை எடுக்கச் சொல்லவில்லை. 'வித்திட்டவர்' அப்படியே அச்சானது. பக்கத்தில் பெரிதாக்கிய போட்டோவில் மாப்பிள்ளை பதக்கத்தோடு சிரிக்கிறான்.

தட்டச்சர் அச்சகத்துக்கு மலர்க் கட்டுகளை எடுத்துப்போக வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஒரு பிரதியை உருவி முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்பார் என்று பயந்தேன். "போட்டோ நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டார். நான்தான் தெருமுனைவரை பின்னாலேயே போய், எடுத்தது நான் என்று சொன்னேன். வெயிலில் கட்டை இறக்கி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார்.

7

இதற்குப் பிறகு எழுதிப் பார்த்த முடிவுகள்:

மலர் வெளியீட்டு மேடையில் பேராசிரியையை அழைக்கிறார்கள். அவர் ஒலிபெருக்கியில் ஒன்பது வரிகளையும் வாசிக்கிறார். அரங்கமே எழுந்து… [எழாது. இந்த மாதிரி அரங்கங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முன்வரிசை கைப்பேசியைப் பார்க்கும். பின்வரிசை சாப்பாடு எப்போது என்று பார்க்கும்.]

மாப்பிள்ளை மனம் திருந்தி, சட்டத்தைக் கழற்றி… [சீ.]

பேராசிரியை வேலையை உதறிவிட்டு… [உதறினால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார். நீல மை வைத்திருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.]

தட்டச்சர் எனக்குக் கடைசியாகச் சொன்னதை மட்டும் சொல்கிறேன். மலர் வெளியாகி ஒரு வாரம் கழித்து, ஒரு பிற்பகல் மாப்பிள்ளை துறைக்கு வந்தான். கையில் ஒரே ஒரு படிவம். பேராசிரியையின் அறைக் கதவு திறந்தே இருந்ததால் தட்டச்சர் காதிலும் விழுந்தது.

"வரையறைய மாத்தறதுக்கான படிவம் மேடம். வாசல் மேசையில நர்ஸ உக்கார வச்சு, நுழையற நிமிஷத்துல இருந்து கடிகாரத்த ஓட்டலாம். நான் தனியா மாத்தினா என்னத் தூக்கிட்டு, வர்றவன் பழையபடி ஆக்கிடுவான். துறை வல்லுநர் பரிந்துரைன்னு உங்க கையெழுத்து இருந்தா எவனும் தொட முடியாது."

"அப்புறம்?"

"சராசரி பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ரெண்டு டாக்டரையும் திருப்பி எடுத்துப்பாங்க. அதுதான் நிபந்தனை. பழையபடி நாலு மணி நேரம் ஆகும். நோயாளி யாருன்னு கண்டுபிடிச்சிடுவோம். பாக்கறதுக்கு ஆள் இருக்காது."

"எல்லாத்தையும் செஞ்சுட்டு இப்ப என் தலையில கட்டறியா?"

"போன தடவ நான் எழுதினேன், நீங்க மார்க் போட்டீங்க" என்றான் அவன். "இந்தத் தடவ நீங்க எழுதுங்க மேடம். நான் செய்யறேன்."

அது பணிவா, பழிவாங்கலா, தப்பித்தலா என்று தட்டச்சருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. படிவத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பேராசிரியை வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தட்டச்சரைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"கேட்டீங்கல்ல? மாத்தினா உங்க அக்கா மாதிரி ஒருத்தர முதல் நிமிஷத்துலயே கண்டுபிடிச்சிடலாம். ஆனா மத்த எல்லாரும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருக்கணும். அதுல யாரு போவாங்கன்னு தெரியாது. மாத்தலன்னா போர்டு பொய் சொல்லிட்டே இருக்கும், ரெண்டு டாக்டரும் இருப்பாங்க. நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

தட்டச்சர் யோசித்தார்.

"எங்க அக்கா பஸ்ஸுல ஒரு பழக்கம் வச்சிருந்தா மேடம். பிள்ளைங்க படியில கால் வச்சதுமே எண்ணிடுவா. சீட்டுல உக்காரற வரைக்கும் பாத்துட்டிருக்க மாட்டா. அவ அவ்வளவுதான். டாக்டர் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. என்கிட்டக் கேக்காதீங்க மேடம். நான் சொன்னா அது அவளுக்காகச் சொன்னதாத்தான் இருக்கும்."

எழுந்து போய்விட்டார். பேராசிரியை பேனாவைத் திறந்ததுவரை அவர் பார்த்திருக்கிறார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, ஒரு போன் போட்டால் போதும். போடவில்லை.

முடிவைத் தீர்மானிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. என் கைக்கு ஒரு தடவை ஒரு முடிவு வந்தது. 'முழுசாவா?' என்று மட்டும் கேட்டுவிட்டு எடுத்தவன் நான். அதனால் அந்த அறையை அப்படியே உங்களிடம் விட்டுவிடுகிறேன். மாலை வெயில் மேசைமேல் விழுகிறது. பேனா திறந்திருக்கிறது. வெளி வரிசையில் இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் உங்களுக்கு வேண்டியவராக இருக்கலாம். இரண்டு மருத்துவர்களில் ஒருவர் இப்போது கையில் எடுத்திருப்பதும் உங்களுக்கு வேண்டியவரின் சீட்டாக இருக்கலாம். படிவத்தில் நிரப்பவேண்டியது ஒரே ஒரு வரிதான்.

காத்திருப்பு நேரம் கணக்கிடப்பட வேண்டியது: ____________________ முதல்.